நெய்யில் குழைத்த மாத்திரை

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை முடிவு வர அரைமணி ஆகும் என்றார்கள். ராயப்பராஜ் உட்காரவில்லை. வாசலுக்கும் பெஞ்சுக்குமாக நடந்தார். திண்டுக்கல்–நத்தம் தடத்தில் இருபத்திரண்டு வருடமாகத் தனியார் பேருந்து ஓட்டுகிறவர். 2002 தொடக்கத்தில் ஒருநாள் கோபால்பட்டி அருகே நெஞ்சை அடைக்க, வண்டியை ஓரங்கட்டினார். கொழுப்பு இருநூற்றுத் தொண்ணூறு. டாக்டர் மாத்திரை எழுதினார். அது இறங்கினால்தான் வண்டி என்றார் முதலாளி. மூன்று மாதம் ஆகிவிட்டது.

"செத்த நேரம் உக்காருங்க. நடந்தா நம்பர் கொறையுமா?" என்றாள் மனைவி அமலராணி.

"நடந்தா கொறையும்னுதான டாக்டரே சொன்னாரு."

முந்நூற்றுப் பத்து என்று வந்தது.

டாக்டர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "மாத்திரைய ஒழுங்கா போட்டீங்களா?"

"ஒருநா தப்பல சார். நீங்க சொன்னாப்புல ராத்திரி சாப்பாட்டோட."

அமலராணி முந்திக்கொண்டாள். "நாந்தான் சார் பொடிச்சு, எருமை நெய்யில கொழச்சுக் குடுக்குறேன். எங்கய்யா நத்தத்துல நாட்டு வைத்தியரு. வெறும் தண்ணியில குடுத்தா மருந்து ஒடம்புல ஏறாதும்பாரு."

"எம்புட்டு நெய்?"

"ஒரு கரண்டி. மூச்சு வாங்குறது நிக்கலன்னு ரெண்டாக்கினேன். மேல ஒரு டம்ளர் ஆடைப்பால்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, நெய் ஏத்துறத எறக்கத்தான் மாத்திரையே குடுத்தேன்."

அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ராயப்பராஜ் சுவரைப் பார்த்தார். எண்ணெய்ப் பலகாரம் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றே அவருக்கு நெய்மேல் சந்தேகம்தான். கேட்டால் நிறுத்தச் சொல்லிவிடுவார் என்று கேட்கவில்லை.

"தண்ணியே போதும். பால் குடிச்சாலும் ஆடைய எடுத்துருங்க. நெய் வேணாம். மூணு மாசம் கழிச்சுப் பாப்போம்."

"அதுவரைக்கும் வண்டி?"

"இந்தத் தாள வச்சு, வண்டி ஓட்டலாம்னு நான் எப்படி எழுதித்தர?"

சாணார்பட்டிக்கு வீடு திரும்பப் பேருந்து நிலையத்தில் அவர் ஓட்டிய வண்டிதான் நின்றது. ஓட்டுநர் இருக்கையில், மூன்று மாதமாக அவருக்குப் பதில் ஓட்டும் கருப்பணன். "வாங்கண்ணே" என்றான், முகத்தைப் பார்க்காமல்.

"எல்லாம் என்னாலதான்" என்றாள் அமலராணி.

"நீ கொழச்ச. நான் நக்குனேன். வா, ஏறு."

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். ஊர் தாண்டியதும் குறுக்கே ஆடுகள் வந்தன. ராயப்பராஜின் வலது கால் தகரத் தரையை அழுத்தியது. வண்டி அதே வேகத்தில் போனது. இன்னும் அழுத்தினார். கருப்பணன் கடைசி நொடியில் பிரேக் போட்டான்.

அமலராணி அவர் முழங்கால்மேல் கையை வைத்தாள். கால் அழுத்துவதை நிறுத்தவில்லை.