கூவும் பெட்டைக்கு ஒரு சேவல்

சேவல் வேண்டும் என்று கணவரிடம் நான் சொன்ன காரணம் குஞ்சு பொரிக்க. உண்மையான காரணம் வேறு. எங்கள் கறுப்புப் பெட்டை கூவ ஆரம்பித்திருந்தது.

மலையாள ஊரான கழக்கூட்டத்தில் பெரிய ரோட்டுக்குப் பின்னால், துபாயில் இருக்கும் ஒருவரின் காலி மனையைப் பார்த்துக்கொண்டு அதிலுள்ள சின்ன வீட்டில் குடியிருக்கிறோம். இருவருக்கும் ஊர் தென்காசிப் பக்கம். அவர் கொத்தனார், சாரத்தில் நின்று மாடி மாடியாக வெளிச்சுவர் பூசுகிறவர். எனக்கு ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை. மனை முழுக்க மேய்ந்து திரிய ஐந்து பெட்டைகளும் ஒரு சேவலும் இருந்தன. சேவல் ஒரு மழைநாளில் காரில் அடிபட்டுச் செத்தது. அதற்குப் பிறகு கறுப்புப் பெட்டை பொறுப்பை எடுத்துக்கொண்டது. பருந்து வட்டமிட்டால் முதலில் குரல் கொடுத்தது, பூனையை விரட்டியது, முட்டையிடுவதை நிறுத்தியது. பிறகு ஒரு விடியலில் செங்கல் அடுக்கின் மேல் ஏறி, கழுத்தை நீட்டி, தொண்டை கட்டியவன் போலக் கூவியது.

பெட்டை கூவினால் அந்த வீட்டு ஆண்பிள்ளைக்கு ஆகாது என்பார்கள் எங்கள் ஊரில். அன்றே அறுத்துக் குழம்பு வைத்துவிடுவார்கள். நான் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தவள்தான். ஆனால் ஏழாவது மாடியில் நிற்பவர் என் புருஷன். என் படிப்பு அந்த உயரத்துக்கு ஏறவில்லை.

போனில் அக்காவிடம் சொன்னேன். "ஏட்டி, இன்னுமா வச்சிருக்க? மொதல்ல அத அறுத்துப் போடு" என்று சத்தம் போட்டாள். கத்தியோடு வெளியே போனேன். மற்ற நான்கும் தின்று முடிக்கும்வரை தான் தின்னாமல் என் காலருகே நின்று காவல் பார்த்துக்கொண்டிருந்தது கறுப்பு. கை வரவில்லை. அவரிடம் மூச்சுவிடவில்லை, தெரிந்தால் சாரத்தில் கால் நடுங்குமே.

பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சிதான் வழி சொன்னார். "கொல்லண்ட கேட்டோ. ஒரு பூவன் கோழி வந்தா மதி, பெட்டை தன்னே நிறுத்திக்கோளும்." கொல்ல வேண்டாம், ஒரு சேவல் வந்தால் போதும் என்கிறார்; பூவன் என்றால் அவர்களுக்குச் சேவல். கல்லாறு என்ற ஊரில் சேச்சியின் தம்பி கோழிக்கடை வைத்திருந்தார். நானும் கணவரும் அங்கே போய் ஒரு சிவப்புச் சேவலை அரிசிப் பையில் போட்டு, தலையை மட்டும் வெளியே விட்டு, பஸ்ஸில் கொண்டுவந்தோம். நெடுமங்காடு தாண்டும்வரை பக்கத்துச் சீட்டுக்காரரின் முழங்கையைக் கொத்திக்கொண்டே வந்தது.

புதுக்கோழி ஓடிப்போகாமல் இருக்க அதை ஆட்டுரலைச் சுற்றி மூன்று முறை கொண்டுவருவது எங்கள் வழக்கம். ஆட்டுரலுக்கு எங்கே போக? கிரைண்டரைச் சுற்றினேன். "அத ஆன் பண்ணிட்டுச் சுத்து, இன்னும் நல்லாப் பிடிக்கும்" என்றார் அவர். கோழியைக் கவிழ்த்து மூடப் பஞ்சாரம் இல்லை. சைட்டில் மிஞ்சிய கம்பிவலையைக் கூடையாக வளைத்துக் கொடுத்தார். பலாமரத்தடியில் சேவலை அதற்குள் வைத்துச் சுற்றிலும் நொய்யரிசி இறைத்தேன். உள்ளே அதுவும் வெளியே அவையுமாகத் தின்று முகம் பழக வேண்டும். ஒரு வாரமாவது ஆகும். நான்கு பெட்டைகள் முதல் நாளே வலையருகில் படுத்துப் புழுதி குளித்தன. கறுப்பு மட்டும் கழுத்துமயிரைச் சிலிர்த்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது.

மூன்றாம் நாள், அவர் வேலைக்குச் சட்டை மாட்டும் நேரம் பார்த்துக் கறுப்பு கூவியது. "அது அடுத்த காம்பவுண்டு சேவல்" என்று அவர் கேட்காமலே சொன்னேன். அவர் போனதும், பொறுக்கமாட்டாமல் கூடையைத் தூக்கிவிட்டேன்.

அரை நிமிஷம்கூட ஆகவில்லை. கறுப்பு பாய்ந்து கொண்டையைக் கிழித்தது. அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அந்தச் சேவல் குளியலறைக் கூரைமேல் ஏறியது, சாயங்காலம்வரை இறங்கவில்லை. "நல்ல வீரனாப் பாத்துத்தான் கொண்டாந்திருக்கோம்" என்று சிரித்தார் வேலை முடிந்து வந்தவர். ஏணி வைத்து இறக்கி, கொண்டையில் மஞ்சள் அப்பி, மறுபடியும் கூடைக்குள் விட்டார். "அவசரப்படாத. அதுக்கும் இது புது ஊருதான" என்றார்.

அடுத்த ஒரு வாரமும் கறுப்பு கூவியது, அவர் சாரம் ஏறினார். ஹாஸ்டல் அடுப்படியில் போன் அடிக்கும்போதெல்லாம் நான் செத்துப் பிழைத்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் அடங்காவிட்டால் அறுத்துவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்தேன். முடிவு செய்த பிறகு அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இரண்டாம் முறை நிதானமாகச் செய்தோம். கோழிகள் அடைந்து, வெளிச்சம் மங்கியதும், சேவலைத் தூக்கிக் கூட்டுக்குள் பெட்டைகளுக்கு நடுவே கம்பில் உட்காரவைத்தார். அந்நேரம் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, சண்டைக்கும் மனமிருக்காது. காலையில் எல்லாம் ஒன்றாக இறங்கின. விழுந்து கிடந்த தென்னைமட்டையைச் சேவல் கிளறியது. அடியில் கரையான். தான் ஒன்றைக்கூடத் தின்னாமல் 'கொக் கொக்' என்று கூப்பிட்டது. நான்கும் ஓடின. கறுப்பு கடைசியாக வந்தது. ஒற்றைக் கண்ணால் சேவலை மேலும் கீழும் பார்த்தது, பேருக்கு ஒரு கொத்துக் கொத்தியது, பிறகு குனிந்து தின்றது. எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது.

மறுநாள் சேவல் கூவியது. கறுப்பு கூவவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாம்பார்தான் வைத்தேன்.

அன்று டீ கொடுக்கும்போது மனசு தாங்காமல் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே கேட்டார்.

"எனக்கு மொத நாளே தெரியும். நான் உனக்கு முந்தி எந்திரிக்கவன்லா" என்றார். "சொன்னா நீ அறுத்துருவன்னு சொல்லல."

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"இல்லாமலா? தெனமும் சாரத்துல மாட்டுற பெல்ட்ட ரெண்டு தடவ இழுத்துப் பாத்துட்டுத்தான் ஏறினேன்."

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "ஒரு கோழிக்காக யாராவது உசிரப் பணயம் வைப்பாங்களா?" என்று கத்தினேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "நீயும் என் உசிர வச்சுத்தான அத அறுக்காம இருந்த" என்றார்.

டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.