நாலுக்கு நாலு வாங்கிய வாய்

போன வாரம் ஒரு டாக்டர் என்னை வாயைத் திறக்கச் சொன்னார். மூடச் சொல்லித்தான் இதுவரை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.

பித்தப்பையில் கல். குன்னூரில் ஒரு தனியார் மருத்துவமனை. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி, உள்ளே வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது. மறுநாள் ஆபரேஷன். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் கோகிலா, கோயம்புத்தூர்க்காரர், என்னைப் பரிசோதிக்க வந்தார்.

"மங்கி கேப்பைக் கழட்டுங்க சார்."

கழற்றினேன்.

"மஃப்ளர்?"

தயங்கினேன். மலையில் வாழும் ஆண்களுக்கு மஃப்ளர் ஓர் உறுப்பு. அதை யாராவது கழற்றுவார்களா?

"டாக்டருக்காச்சும் கழுத்தைக் காட்டுங்க" என்றாள் என் மனைவி மல்லிகா.

அண்ணாந்து பார்க்கச் சொன்னார். கழுத்து பாதி வழியில் நின்றுவிட்டது. கீழ்ப்பல்லால் மேலுதட்டைக் கடிக்கச் சொன்னார், எட்டவில்லை. பிறகு வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டச் சொன்னார். டார்ச் அடித்தார். குனிந்து, சாய்ந்து, ஆற அமரப் பார்த்தார்.

"சிஸ்டர், வாய் நாலு."

பிறகு, "குறட்டை உண்டுங்களா?"

"இல்லை" என்றேன்.

"ஃபேக்டரில ரோலர் ஓடுறாப்ல இருக்குமுங்க" என்றாள் மல்லிகா. டாக்டர் யாரை நம்பினார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

பக்கத்துக் கட்டிலில் தாமஸ் அண்ணன். குடலிறக்கத்துக்காக வந்தவர். ஒரு தேயிலை ஃபேக்டரியில் டீயை ருசி பார்த்து மார்க் போடுவதுதான் அவருக்கு வேலை. அவர் வாயிலும் டார்ச் அடித்த டாக்டர், "ஒண்ணு" என்று சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குப் போய்விட்டார்.

தாமஸ் அண்ணன் முகம் விழுந்துவிட்டது.

"உங்களுக்கு எத்தனைங்க?"

"நாலு" என்றேன், அடக்கமாக.

"எத்தனைக்கு?"

"நாலுக்குத்தான் இருக்கும்..."

எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் கிரேடு உண்டு. இலைக்கு, தூளுக்கு, பக்கத்து ஊரான கேத்தியில் கழுவிப் பிரிக்கிற கேரட்டுக்கு. வாய்க்கு மட்டும் இருக்காதா?

"ஆயுசு பூரா இந்த வாயால டீக்கு மார்க் போட்டவனுங்க நான். ஒரு மடக்கு உறிஞ்சுனா எந்தச் சரிவுல பறிச்ச இலைன்னு சொல்லிப்போடுவேன். என் வாய்க்கு ஒண்ணா?"

"விடுங்கண்ணே. மறுபடி பார்க்கச் சொல்லலாம்" என்றேன். ஜெயித்தவனின் பெருந்தன்மை! அதோடு நிறுத்தியிருக்கலாம். பயிற்சி வேறு கொடுத்தேன். "நாக்கை இன்னும் நீட்டுங்க... தயங்காதீங்க... ஒரு வேகம் வேணும்." சிஸ்டர் மாத்திரையோடு உள்ளே வந்தபோது, வயதான இரண்டு ஆண்கள் ஜன்னலோரம் நின்று மூடுபனியைப் பார்த்து நாக்கை நீட்டிக்கொண்டிருந்தோம்.

சாயந்திரம் டாக்டர் திரும்பி வந்தார். தாமஸ் அண்ணன் மறுமதிப்பீடு கேட்டார்.

"ஐயோ, அது மார்க் இல்லீங்க! வாயைத் திறந்தா உள்நாக்கு, தொண்டையெல்லாம் பளிச்சுன்னு தெரிஞ்சா ஒண்ணு. எதுவுமே தெரியாம நாக்கு அடைச்சுட்டு நின்னா நாலு. உங்களுக்கு மயக்கத்துல குழாய் விடறது சுலபம். சாருக்குத்தான் சிரமம்."

தாமஸ் அண்ணன் சிரித்த சிரிப்பில் குடலிறக்கம் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

"நாக்குதான் பிரச்சினைன்னு எனக்கு எப்பவோ தெரியுமுங்க" என்றாள் மல்லிகா.

டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "மயக்கம் குடுத்தா உங்க மூச்சு நின்னுரும் சார். குழாய் உள்ள போற வரைக்கும் நாங்கதான் காத்து குடுக்கோணும். மேட்டுப்பாளையம் ரோட்டுல மிஸ்ட்டுன்னு முன்கூட்டியே தெரிஞ்சா, லைட்டைப் போட்டு மெதுவா எறங்கறோமில்ல? வளைவுல திடீர்னு வந்தாத்தான் ஆபத்து. உங்க விஷயத்துல முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. அதனால நீங்க முழிச்சிருக்கும்போதே தொண்டையை மரத்துப்போக வெச்சு, கேமரா வெச்ச குழாயை மூக்கு வழியா விடப்போறோம். அது சரிவரலீன்னா மாஸ்க்தான். தாடி மேல மாஸ்க் ஒட்டாது, காத்தெல்லாம் வெளிய போயிரும். எடுத்துருங்க."

தாடியையா?

அன்பர்களே, நான் எழுதிவரும் இந்தப் பத்திரிகைப் பக்கத்தின் மேலே இருக்கும் என் படத்தைப் பாருங்கள். அதில் நான் எங்கே இருக்கிறேன்? எல்லாம் தாடிதானே! கல்யாணத்துக்கு முன்பே வளர்த்தது. மல்லிகா தாடிக்குத்தான் கழுத்தை நீட்டினாள். நான் உள்ளே இருந்தேன். காரணம் எனக்கு மட்டுமே தெரியும் – எனக்கு முகவாய் கிடையாது. கீழுதடு முடிந்த கையோடு கழுத்து ஆரம்பித்துவிடும்.

தாடியா, மூச்சா? யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன்.

"இதுக்குப் போயி யோசனையா? எடுக்கச் சொல்லுங்க சிஸ்டர்!" என்றாள் மல்லிகா.

கொத்துக் கொத்தாக விழுந்தது. டாக்டர் என் முகவாய்க்குக் கீழே மூன்று விரலை வைத்து அளக்கப் பார்த்தார். இரண்டுக்குத்தான் இடம் இருந்தது. "இதைத்தான் ஒளிச்சு வெச்சிருந்தீங்களா சார்?" என்றார். தாமஸ் அண்ணன் நாகரிகமாகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மல்லிகா என்னைப் பார்த்தாள். பிறகு மூடுபனியைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்ததாக எங்கள் வீட்டில் சரித்திரமே இல்லை.

காலையில் தியேட்டர். தொண்டையில் கசப்பாக எதையோ தெளித்தார்கள். நாக்கு போயிற்று, தொண்டை போயிற்று, கைவசம் இருந்த சொற்களெல்லாம் போயின. மூக்கு வழியே ஒரு சின்ன வெளிச்சம், பள்ளத்தாக்கில் இறங்கும் ஜீப் மாதிரி, தடவித் தடவி இறங்கியது. இருமினேன். கண்ணில் நீர். கல் போகட்டும், மூச்சு இருக்கட்டும், மல்லிகா ஏதாவது சொல்லட்டும்... வேண்டுதல் அவ்வளவுதான்.

"தெரியுது... நல்லா மூச்சு இழுங்க சார்... வழி பளிச்சுன்னு தெரியுது" என்றார் டாக்டர். என் உள்ளே பார்த்து யாரும் இதுவரை இப்படிச் சொன்னதில்லை. அந்தச் சந்தோஷத்தோடு தூங்கிப்போனேன்.

கல் போனது. மூச்சு இருக்கிறது. வீட்டுக்குக் கிளம்பும் நாளில், காரில் ஏறியதும் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன்.

"எப்படி இருக்கேன், சொல்லேன்?"

மல்லிகா என் முகத்தை நிதானமாக, மேலிருந்து கீழே, சீக்கிரமே பார்த்து முடித்தாள்.

"நல்லாத்தானுங்க இருக்கறீங்க..." என்று சொல்லி, மஃப்ளரை எடுத்து மூக்கு வரைக்கும் சுற்றிவிட்டாள். "குளிருமுங்க."

வெளியே பளீரென்று வெயில்.