இனிப் பிழைக்காது

மாலை நாலே கால் மணி. தில்லி துவாரகாவில் எங்கள் மூன்றாவது மாடி பால்கனிக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டவை தொங்கிப்போன இலைகள். மூன்று தொட்டிகள், தொட்டிக்கு ஒரு பிச்சிக் கன்று. காலையில் விறைப்பாக நின்றவை. இப்போது மூன்றிலும் இலைகள் தண்டோடு ஒட்டித் துவண்டிருந்தன. ஜூன் மாதம். லூ என்று இங்கே சொல்லும் அனல்காற்று கிரில் வழியாக நேரே அவற்றின் மேல் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்பது வயது. அந்த நேரத்தில் நான் கவலைப்பட்டது செடிகளுக்காக அல்ல, அப்பாவுக்காக.

அம்மா வங்கிப் பயிற்சிக்காக ஹைதராபாத் போயிருந்தாள். கிளம்புவதற்கு முந்தைய நாள்தான், ஊறுகாய் பாட்டில் தண்ணீரில் வேர்விட்டிருந்த மூன்று குச்சிகளையும் மண்ணுக்கு மாற்றினாள். திருநெல்வேலியில் அவள் அண்ணன் வீட்டு வாசலில் படர்ந்திருந்த கொடியிலிருந்து ஒடித்து, ஈரத்துணி சுற்றி ரயிலில் மடியில் வைத்தே கொண்டுவந்தவை. இவை போனால் வேறு கிடையாது. கொடி இருந்த இடத்தில் மாமா கார் ஷெட் போட்டுவிட்டார். "நான் வரும்போது மூணும் நிக்கணும்," என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அம்மா டாக்ஸியில் ஏறினாள். சொல்லும்போது சிரிக்கவில்லை.

அப்பா கரோல் பாகில் பிறந்து வளர்ந்தவர். பிச்சியைச் சமேலி என்பார். வாடின செடிக்குத் தண்ணீர் ஒன்றுதான் மருந்து என்று நம்பினார். "அரே, தண்ணி போதலை," என்று மூன்று தொட்டியிலும் வாளியைச் சாய்த்தார். மறுநாள் காலையிலும் மதியமும் ஊற்றினார். சொசைட்டி தோட்டக்காரரிடம் கெஞ்சி எரு வாங்கிவந்து போட்டார். தொட்டிக்கு அடியில் இருந்த தட்டுகளில் தண்ணீர் தேங்கி நின்றது. அடி இலைகள் மஞ்சளாயின. வேர் பிடித்துவிட்டதா என்று பார்க்க ஒரு கன்றை மெல்ல இழுத்தார். அது பாதி கையோடு வந்தது. சத்தமில்லாமல் திரும்ப அழுத்திவைத்தார்.

பால்கனியில் என்னாலேயே நிற்க முடியவில்லை. அதனால் தொட்டிகளை ஒவ்வொன்றாக பாத்ரூமுக்குள் இழுத்துவந்தேன். வீட்டில் அனல் எட்டாத இடம் அதுதான். வென்டிலேட்டர் வழியாக வெளிச்சம் வரும். துவைத்துத் தொங்கவிட்ட துணிகளால் எப்போதும் ஈரம் இருக்கும்.

அம்மா போனில் கேட்டபோதெல்லாம் அப்பா "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றார். செடியைக் காட்டச் சொன்னால் நெட்வொர்க் சரியில்லை என்றார். கடைசியில் வேறு வழியில்லாமல் கன்றுகளைப் படமெடுத்து மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

மாமா தமிழாசிரியர். பால்காரருக்கு அனுப்பும் செய்தியைக்கூட இலக்கணம் தவறாமல் எழுதுவார். பதில் உடனே வந்தது. அப்பாவுக்கு வீட்டில் பேசும் தமிழ் மட்டும்தான் தெரியும்; வாசிக்க வராது, மாமாவின் எழுத்துத் தமிழ் காதில் விழுந்தாலும் புரியாது. போனை என்னிடம் நீட்டினார். ஜனக்புரி தமிழ்ப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த நான்தான் அன்று வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள். எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"இனிப் பிழைக்காது. அப்படியே விட்டுவிடவும்."

பிழை எனக்கு நன்றாகப் பழகிய சொல். என் தமிழ் நோட்டில் டீச்சர் சிவப்பு மையால் கோடு போடுவதெல்லாம் பிழை. ஆகவே தயங்காமல் அப்பாவுக்கு இந்தியில் பொருள் சொன்னேன்: இனிமேல் தப்பு எதுவும் நடக்காது, அப்படியே விட்டுவிட வேண்டும்.

"அச்சா!" என்று அப்பா பெருமூச்சு விட்டார். பழக்கதோஷத்தில் கை மட்டும் தண்ணீர் மொள்ளும் மக்கை எடுத்தது. நான் பிடுங்கிக்கொண்டேன்.

"விட்டுவிடவும்னு போட்டிருக்கு."

"கொஞ்சூண்டு?"

"நோ."

"அப்படியே உங்கம்மா," என்றார்.

அன்றிலிருந்து பாத்ரூம் என் ஆட்சியில் இருந்தது. 'அப்படியே' என்றால் அம்மா வைத்துவிட்டுப் போனபடியே என்று எடுத்துக்கொண்டு, தட்டுகளில் நின்ற தண்ணீரைக் கொட்டினேன். எருவை மேலாக வழித்தெடுத்தேன். மேல்மண் காய்ந்து தெரிந்தால் மட்டும் ஒரு கை தெளித்தேன். அப்பா எதிர்மூலையில் ஒடுங்கி, தண்ணீர் தெறிக்காமல் குளித்தார். இலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து வெறும் குச்சிகள் நின்றபோது அவர் முகம் சுருங்கியது. நான் மாமாவின் செய்தியை மறுபடி வாசித்துக்காட்டினேன். தமிழாசிரியர் சொன்னால் சொன்னதுதான்.

ஒருநாள் காலை பாத்ரூமிலிருந்து என் பெயரைச் சொல்லி ஒரு அலறல். வழுக்கி விழுந்துவிட்டார் என்று ஓடினேன். பாதி முகத்தில் ஷேவிங் நுரையோடு அப்பா தரையில் குந்தியிருந்தார். நடுத்தொட்டிக் குச்சியின் கணுவில் ஒரு பச்சை முளை. கடுகளவுகூட இல்லை. அப்பா துண்டோடு எழுந்து பாங்க்ரா ஆடினார். பிறகு இரண்டாவது துளிர்த்தது. அவர் இழுத்துப் பார்த்த கன்று எல்லாவற்றுக்கும் கடைசியாக, ஆனால் இரண்டு கணுக்களில் ஒரே சமயத்தில் துளிர்த்தது.

அம்மா வந்ததும் பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் பால்கனிக்குப் போகப் பார்த்தாள். நான் கையைப் பிடித்து பாத்ரூமுக்கு இழுத்துப்போனேன். மூன்றும் நின்றன.

"எல்லாம் உங்கண்ணன் சொன்னபடி," என்று அப்பா போனைக் காட்டினார்.

அம்மா படித்தாள். செடிகளைப் பார்த்தாள். திரும்பவும் படித்தாள்.

"ஏட்டி, இதை அப்பாவுக்கு யாரு படிச்சுச் சொன்னா?"

"நான்தான். மாமா சொன்னது கரெக்ட் மா. ஒண்ணுகூட பிழைக்கல."

அம்மா குளிக்கிற ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். செடிகள் நன்றாக இருப்பதில் அம்மாவுக்கு இவ்வளவு சந்தோஷம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். காய்ச்சலில் கிடந்தவர் எழுந்துவிட்டால் "பொழைச்சுக்கிட்டார்" என்று அம்மா சொல்வாளே, அந்தச் சொல்லும் நோட்டில் சிவப்பு மை படும் சொல்லும் எழுத்தில் ஒன்றாகிவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

கொடிகள் இப்போது எங்கள் கிரில்லைத் தாண்டி நாலாவது மாடிக்குப் போய்விட்டன. மேல்வீட்டு ஆன்ட்டி பூவில் பாதியைக் கீழே கொடுத்தனுப்புகிறார்.