அக்கா வாய்விட்டுப் படித்த பக்கம்

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, சரியாக நினைவில்லை. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கட்டை செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் நான் டெஸ்பாட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் தை மாதத்தில் என் அக்காவின் கணவர் மாரடைப்பில் இறந்துபோனார். குழந்தைகள் இல்லை. கருவேப்பிலங்குறிச்சியில் அந்தப் பெரிய வீட்டில் அக்காவைத் தனியாக விட மனம் வராமல், காரியம் முடிந்த கையோடு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன்.

வந்தாளே தவிர, பேச்சு நின்றுவிட்டது. கேட்டால் "ம்", இல்லையென்றால் தலையாட்டல். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவாள். மற்ற நேரமெல்லாம் கொல்லைப்பக்க ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பாள். கல்யாண வீடுகளில் நூறு பேருக்கு நடுவிலும் தனியாகக் கேட்கும் குரல் அவளுக்கு. அவளையா இப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தாங்கவில்லை.

ஒருநாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது ரேடியோவில் யாரோ ஒருவர் பழைய தத்துவ நூல் ஒன்றைப் பற்றிப் பேசினார். பல நூறு வருஷங்களுக்கு முன்னால் வேறு ஏதோ தேசத்தில் எழுதப்பட்டதாம். துக்கம், பயம், சாவு என்று எல்லாவற்றையும் கேள்வி கேட்டே ஆராயுமாம். பேச்சு முடிந்ததும் ஜன்னலோரத்திலிருந்து குரல் வந்தது.

"தம்பி, அந்தப் புஸ்தகம் நம்ம ஊர்ல கெடைக்குமாடா?"

நாலைந்து மாதத்தில் அவளாகக் கேட்ட முதல் விஷயம் அது. சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் உடம்பில் ஒட்டிய களிமண் தூசியைக்கூடத் தட்டாமல் கடைவீதிக்கு ஓடினேன். ஒரு கடையில் அந்த நூல் இருந்தது. தடிமனான அட்டை, பொடிப்பொடி எழுத்து. உள்ளே பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பெரிய விஷயத்தைச் சாதித்ததுபோல் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன்.

இரண்டு நாள் அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அலமாரியில் வைத்துவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "அதுக்கெல்லாம் அறிவு வேணும்டா. பத்தாவது படிச்சவளுக்கு எட்டுமா?" என்றாள். அதோடு மறுபடி மௌனம். நான் எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். தமிழ் எழுத்துதான், ஆனால் பாதி வார்த்தை எனக்கும் விளங்கவில்லை. ஒரு வாக்கியம் தொடங்கினால் அடுத்த பக்கத்தில்தான் முடிந்தது. ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே பொருளும் அவளை முட்டாளாக்கிவிட்டதே என்று நொந்துபோனேன்.

என் மனைவிதான் வழி சொன்னாள். "ஒரு கடைப் பொடவை புடிக்கலன்னா பொடவையே கட்ட மாட்டமா? வேற யாராச்சும் இதையே நல்லா புரியற மாதிரி எழுதியிருப்பாங்க. நெய்வேலியில புஸ்தகக் கண்காட்சி போட்டுருக்காங்கல்ல, அண்ணியையே கூட்டிட்டுப் போங்க."

அக்கா மறுத்தாள். வருஷம் திரும்பவில்லை, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றாள்.

"கல்யாணத்துக்கா கூப்புடறோம் அண்ணி? புஸ்தகக் கடைக்குப் போறதுக்கு யாரு என்னா சொல்லப்போறாங்க? சொன்னா என்கிட்ட அனுப்புங்க" என்று என் மனைவி அவள் தலையை வாரிப் பின்னியேவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, பஸ்ஸில் வழி நெடுக அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. கண்காட்சியில் கூட்டத்தைப் பார்த்ததும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நாலைந்து கடை ஏறி இறங்கிய பிறகு ஒரு கடையில் அந்த நூல் மூன்று விதமாக அடுக்கியிருந்தது. எதை எடுப்பது? கடைக்காரரைக் கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதான் சார், உள்ள இருக்கற விஷயம் ஒண்ணுதான்" என்று வேறு ஆளிடம் திரும்பிவிட்டார்.

அங்கே ஏற்கெனவே ஒரு பெண் நின்றிருந்தார். அக்கா வயதுதான் இருக்கும். இரண்டு கையிலும் இரண்டு புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, மூன்றாவதை எப்படிப் பிடிப்பது என்று தடுமாறிக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்து, "ஏங்க, இத கொஞ்சம் பிடிங்களேன்" என்று ஒன்றை நீட்டினார். "மூணுலயும் ஒரே எடத்தை எடுத்துப் படிச்சுப் பாத்தாத்தாங்க எது நமக்கு ஆகும்னு தெரியும். மனசுக்குள்ள படிச்சா ஏமாந்துருவோம். வாய் வுட்டுப் படிக்கணும். படிங்களேன், கேக்கறேன்."

அக்கா மிரண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பெண் துயரத்தைப் பற்றிய பகுதியில் விரலை வைத்துக் காட்டினார். அக்கா மெதுவாகத் தொடங்கினாள்.

"சோகவயப்பட்ட புருஷன் தன் சோகத்தின் காரணத்தை விசாரிக்கக்கடவன், காரணம் கிர... கிரகிக்கப்பட்ட மாத்திரத்தில்..."

வீட்டில் இருக்கும் அதே பதிப்பு. அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. "எனக்குப் படிக்க வராதுங்க" என்று மூடப்போனாள்.

"நீங்க திக்கலீங்க. அந்த வாக்கியந்தான் திக்குது" என்றார் அந்தப் பெண், சாதாரணமாக.

இரண்டாவது, வழவழ அட்டை போட்ட சுருக்கப் பதிப்பு. அதே இடத்தில், "கவலையை விடு! வெற்றியைத் தொடு!" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. பத்தாவது படித்தவளுக்கு இதுதான் சரி என்று நான் மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன். அக்கா அதைப் படித்துவிட்டு அந்தப் பெண்ணை ஏறிட்டுப் பார்த்தாள். "இது காலண்டர்ல போடறதுங்க" என்று அவர் சொல்ல, அக்காவின் உதட்டோரம் லேசாக நெளிந்தது. அது சிரிப்பு என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரமாயிற்று.

மூன்றாவது, சாதாரண அட்டை, நடுத்தர எழுத்து. அக்கா படித்தாள். "துயரப்படுகிறவன் முதலில் தன்னையே கேட்கட்டும்: நான் யாருக்காக அழுகிறேன்? போனவருக்காகவா, தனித்து நிற்கும் எனக்காகவா? பதில் தெரிந்துவிட்டால் துயரம் பாதி குறையும்."

எங்கும் திக்கவில்லை. பழைய குரல், அந்தக் கல்யாண வீட்டுக் குரல். படித்து முடித்ததும் அவள் கண் நிறைந்துவிட்டது. ஐயோ, இங்கே கூட்டிவந்து அழவைத்துவிட்டோமே என்று நான் பதறி ஒரு அடி முன்னால் வைத்தேன். அதற்குள் அக்கா பேசத் தொடங்கினாள்.

"இது தப்புங்க. எனக்குப் பதிலு தெரியும். ரெண்டு பேருக்காகவுந்தான் அழுவுறேன். தெரிஞ்சுதான் இருக்குது, கொறையலையே? எழுதுன ஆளு யாரையும் பறிகுடுக்கல போல."

அந்தப் பெண் ஆறுதல் சொல்லவில்லை. என்ன நடந்தது என்றும் கேட்கவில்லை. "இருங்க இருங்க, பாதி கொறையும்னுதான சொல்றாரு? முழுசும் போயிடும்னு எங்க சொன்னாரு?" என்று வாதத்துக்கு வந்துவிட்டார்.

"பாதி போச்சு, பாதி இருக்குதுன்னு யாருங்க அளந்து பாக்கறது?"

"அதான் எனக்கும் புரியலீங்க. அடுத்த பக்கத்துல சொல்றாரான்னு பாருங்க."

நட்ட நடுவில், வருகிறவர் போகிறவர் தோளில் இடித்துக்கொண்டு போக, இரண்டு பேரும் ஒரே புத்தகத்தில் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மாதக்கணக்காக வாயைத் திறக்காதவள், எப்போதோ செத்துப்போன ஒரு ஞானியோடு சண்டைக்கு நிற்கிறாள்!

வாங்கலாம் என்று கேட்டால், அந்தப் பதிப்பில் அந்த ஒரு பிரதிதான் மிச்சம் என்றார் கடைக்காரர். அக்கா சட்டென்று புத்தகத்தை அந்தப் பெண்ணிடம் நீட்டினாள். முதலில் வந்தவர் அவர்தானே. அவரும் வாங்கிக்கொண்டு போய் பில் போட்டார். சரி, இவ்வளவுதான் நம் கொடுப்பினை என்று நினைத்தேன். அவர் நேரே திரும்பி வந்து புத்தகத்தை அக்கா கையில் வைத்தார்.

"மொதல்ல நீங்க படிங்க. நான் திட்டக்குடிங்க, ஸ்கூல்ல கணக்கு டீச்சர். படிச்சு முடிச்சுட்டு வூட்டுக்கு எடுத்துட்டு வாங்க. தபால்ல அனுப்பக்கூடாது, நேர்ல வரணும்."

"முன்ன பின்ன தெரியாதவ நான். எப்படிங்க நம்பிக் குடுக்கறீங்க?"

"எங்க வூட்ல புஸ்தகம் நெறைய இருக்குதுங்க. இப்புடி எதுத்துப் பேசத்தான் ஆளில்ல" என்று சிரித்தார். வீட்டுக்கு வழி சொல்லிவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சத்தம் வந்தது. அடுப்படியில் படித்தாள், படித்ததை என் மனைவியிடம் சொன்னாள், "இதை மட்டும் ஒத்துக்கலாம்" என்றாள், "இந்த ஆளுக்கு வூட்டு வேலையே தெரியாது" என்றாள். ஒரு மாதம் போல ஆனதும், திட்டக்குடிக்குப் போகவேண்டும் என்று புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். "நீ வேலைக்குப் போடா. எனக்கு பஸ்ஸு ஏறத் தெரியாதா? போயிட்டு வரேன்" என்றாள்.

மாமா போன பிறகு அவள் தனியாக எங்கேயும் போனதில்லை. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தேன். திட்டக்குடி பஸ்ஸிலிருந்து இறங்கிவந்த அக்காவின் கையில் அதே புத்தகம் இருந்தது. டீச்சர் வீட்டில் இல்லையா என்று கேட்டேன்.

"இருந்தாங்க. சோறு போட்டாங்க. ஆனா மொத அத்தியாயத்துலயே நாங்க ஒத்துப்போகலடா. மறுபடி படிச்சுட்டு வரச் சொல்லிட்டாங்க" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்தது கோபமா சந்தோஷமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த வருஷமே அக்கா தொழிற்பேட்டையில் பீங்கான் பொம்மைக்கு வர்ணம் தீட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். திட்டக்குடிப் பயணம் மட்டும் நிற்கவில்லை. அடுத்தடுத்துப் புத்தகங்கள் மாறின, அவர்கள் சண்டை மாறவில்லை. மாமாவை நினைத்து இன்றும் சில நாள் அழத்தான் செய்கிறாள். நாங்கள் யாரும் தடுப்பதில்லை.

துக்கத்தில் இருப்பவர்களிடம் "அழாதே" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லத் தெரியாமல்தான் நான் இருந்தேன். ஆறுதல் சொல்வதைவிட, அவர்கள் பேச்சை மதித்து எதிர்வாதம் செய்வதும் பெரிய அன்புதான் என்று எங்கள் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாத ஒருவர் அன்று எனக்குக் காட்டிவிட்டுப் போனார்.