மூங்கில் சிம்பும் இரண்டு முடிச்சும்

ராக்கம்மாவைக் கைநாட்டு என்பார்கள். சொன்னவர்கள் எல்லாம் நாலெழுத்துப் படித்த மகராசர்கள். எழுத்து பிறப்பதற்கு முன்னால் மனிதன் என்ன, ஆயிரமாயிரம் வருசம் வாயைப் பொத்திக்கொண்டா இருந்தான்? பாறையில் கீறினான், எலும்பில் வெட்டினான், கயிற்றில் முடிச்சுப் போட்டான். சேதி போய்ச் சேர்ந்தது. ஜப்பான்காரன் காலத்தில், மலாயாவில் கோலா சாவா பக்கத்து ரப்பர் தோட்டத்தில், ராக்கம்மாவும் அதைத்தான் செய்தாள். குகையில் இருந்தவனுக்குப் புத்தகத்தில் படம் போடுகிறார்கள். இவளைப் பற்றி ஒரு வரி எழுத எவனுக்கும் தோன்றவில்லை.

தோட்டத்தில் கீறல் புதிய சமாசாரம் அல்ல. பால் வெட்டுகிறவர்கள் மாதாமாதம் எதுவரை வெட்டினோம் என்று மரப்பட்டையில் குறி வைப்பார்கள். ஓய்வு கொடுத்த மரத்துக்கு ஒரு குறி, பால் வாளியின் அடியில் அவரவர் வீட்டுக்கு ஒரு குறி. குறியைப் பார்த்தே இது இன்னார் கை என்று சொல்லிவிடுவார்கள். அதிலும் ராக்கம்மாவின் புருசன் இராஜமாணிக்கத்தின் கையைக் குருடன்கூடத் தடவிச் சொல்லுவான். அவன் நொட்டாங்கைக்காரன். எல்லாருடைய கீறலும் ஒரு பக்கம் சாய்ந்தால் அவனுடையது எதிர்ப்பக்கம் சாயும். சோத்தாங்கையால் வெட்டச் சொல்லி, வேலை மேய்க்கிற மண்டோர் திட்டாத நாள் கிடையாது.

அடுத்த நிரையில் வெட்டியவன் நல்லசாமி. தாய் தகப்பன் இல்லை, கல்யாணம் ஆகவில்லை, பாதி நாள் ராக்கம்மா வீட்டில்தான் சோறு. "அண்ணன் வெட்டுன மரம் எல்லாம் கோவிச்சுக்கிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்குதுலா" என்று கேலி பண்ணுவான். அவன் கை மட்டும் என்ன ஒழுங்கு? உளியை ஆழமாக இறக்கி, முடிகிற இடத்தில் கொக்கி மாதிரி ஒரு இழுப்பு இழுத்துவிடுவான். அவனுக்கும் வசவு தனியாக விழும்.

ஜப்பான்காரன் வந்த மறுவருசம், சயாமில் ரயில் ரோடு போட ஆள் கேட்டான். கேட்டான் என்பது மரியாதைக்குச் சொல்வது. காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக் களத்தில் முப்பது பேரின் பெயரைக் கணக்கெழுதும் கிராணி வாசித்தார். மூன்றாம் நாள் லோரி வரும், ஏறிவிட வேண்டும், அவ்வளவுதான். இராஜமாணிக்கத்தின் பெயரும் இருந்தது, நல்லசாமியின் பெயரும் இருந்தது. ராக்கம்மாவுக்கு அப்போது நாலு மாசம்.

"போனதும் கடுதாசி போடுறேன் புள்ள" என்றான் இராஜமாணிக்கம்.

"ஆமா, நீங்க எழுதி நான் படிச்சு கிழிச்சோம்" என்றாள். இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அப்புறம்தான் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டார்கள். ஒரு விரல் அகலத்தில் மூங்கில் சிம்பு. பிரிந்து எத்தனை அமாவாசை ஆனதோ அத்தனை கீறல். உடம்பு சுகம் என்றால் கீழே ஒரு புள்ளி, சீக்கு என்றால் இரண்டு.

"புள்ள பொறந்தா?"

"நூலு கட்டி அனுப்பு. ஆம்பளப் புள்ளன்னா ஒரு முடிச்சு. பொம்பளப் புள்ளன்னா ரெண்டு."

"எதுக்குப் பொம்பளப் புள்ளைக்கு ரெண்டு?"

"பிரிச்சுப் பாக்கக் கொஞ்சம் நேரம் ஆகும்லா. சந்தோசமா இருக்கும்" என்றான். அவனுக்குப் பெண் பிள்ளைதான் ஆசை. வெளியில் சொல்ல வெட்கம்.

சிம்பு போக ஒரு வழி வேண்டுமே. அதற்குக் கிடைத்தவர் தெமியாங்கில் கடை வைத்திருந்த பக்கீர் முகம்மது. ஜப்பான்காரன் அவரைப் பிடித்துக் கருவாடும் அரிசியும் ஏற்றிய கூட்ஸ் ரயிலோடு சயாமுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். போகும்போதெல்லாம் மரவள்ளிக்கிழங்கு வாங்கத் தோட்டத்துக்கு வருவார். காகிதம் ஒன்று மடியில் அகப்பட்டாலே அறை விழும், அதற்கு மேலும் நடக்கும். கருவாட்டுக் கூடையில் மூங்கில் சிம்பு இருந்தால் யார் என்ன கேட்கப்போகிறார்கள்? பாய்க்குத் தைரியம் அதிகம் இல்லை. மனசு இருந்தது, கொண்டுபோனார்.

முதல் சிம்பு வந்தது. இரண்டு கீறல், ஒரு புள்ளி. கீறல்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. ராக்கம்மா அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். தானும் ஒன்று வெட்டி அனுப்பினாள். அடுத்த சிம்பில் நான்கு கீறல், இரண்டு புள்ளி. அந்த இரண்டாம் புள்ளியை அவள் விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை.

ஐப்பசியில் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளை பெற்ற பத்தாம் நாள், சேலைக் கரையில் நூல் உருவிச் சிம்பில் கட்டி இரண்டு முடிச்சுப் போட்டாள். சீக்காகக் கிடக்கிற மனுசனுக்கு அந்த இரண்டு முடிச்சை விட நல்ல மருந்து சயாமில் எவனிடம் இருக்கும்? பாய் வருகிற வரைக்கும் பொறுக்காமல், குழந்தையை எடுத்துக்கொண்டு ரந்தாவ் ரோடு வரை நடந்து போய், வருகிற வழியிலேயே மறித்து அவர் கையில் கொடுத்தாள்.

பதில் வர இரண்டு மாதம் ஆனது. ஏழு கீறல், ஒரு புள்ளி. சுகம் என்று அர்த்தம். ராக்கம்மா சந்தோசப்படப் போனவள், சிம்பைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி திருப்பினாள்.

கீறல்கள் எல்லாரும் வெட்டுகிற பக்கம் சாய்ந்திருந்தன. ஆழமாக இறங்கி, முடிகிற இடத்தில் கொக்கி மாதிரி வளைந்திருந்தன.

மரவள்ளிக் கொல்லையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கை யாருடையது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நொட்டாங்கையில் அடிபட்டிருக்கும், அதனால் நல்லசாமியை வெட்டச் சொல்லியிருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அடுத்ததும் அதே கை. அதற்கடுத்ததும் அதே கை, அதே ஒரு புள்ளி. ஒரு கீறலாவது அவர் கீறக்கூடாதா? கீற முடியாத கை என்றால் அது எந்தக் கை?

ஊமை கண்ட கனவாக அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பாயிடம் மட்டும் ஒருதரம், "அவரக் கண்ணால பாத்தீங்களா பாய்?" என்று கேட்டாள்.

"நான் சயாம்ல பான்பொங் ஸ்டேசனோட சரி தங்கச்சி. தண்ணி தூக்குற ஆளு ஒருத்தன் வாங்கிட்டுப் போவான்" என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆனாலும் ராக்கம்மா பதில் சிம்பு அனுப்புவதை நிறுத்தவில்லை. அமாவாசை எண்ணி வெட்டினாள், ஒரு புள்ளி வைத்தாள். பொட்டையும் அழிக்கவில்லை, தாலியையும் கழற்றவில்லை. அவளுக்குள் ஒரே ஒரு கேள்விதான் கிடந்து அரித்தது. அந்த இரண்டு முடிச்சை அவர் பார்த்தாரா? மகள் பிறந்தது தெரிந்துதான் கண்ணை மூடினாரா? அதைக் கேட்க ஒரு கீறல் இல்லை. கீறலுக்கு எண்ணத் தெரியும், நல்லது கெட்டது சொல்லத் தெரியும், கேள்வி கேட்கத் தெரியாது. எழுத்து வேண்டியிருப்பது அந்த இடத்தில்தான் போலும். இரண்டு வருசம் அவள் அந்தக் கேள்வியைச் சுமந்தாள்.

சண்டை முடிந்து, ஜப்பான்காரன் போய், மார்கழியில் ஒரு காலை நேரம் நல்லசாமி லயத்துக்கு வந்து சேர்ந்தான். போன முப்பது பேரில் திரும்பியவர்கள் நாலு பேர். காலில் புண், இடுப்பில் சாக்குத் துண்டு, கையில் சணல் கயிற்றால் கட்டிய ஒரு கட்டு. வாசலில் நின்றவன் உள்ளே வரவில்லை.

"அண்ணி, என்னைய மன்னிச்சிருங்க. அண்ணன்..."

"தெரியும் தம்பி. உள்ள வா."

"எப்படித் தெரியும்?"

"உன் வெட்டு எனக்குத் தெரியாதா? மூணாவது சிம்புலயே தெரிஞ்சிருச்சு."

நல்லசாமி திகைத்துப்போனான். "நிறுத்திட்டா அவ பயந்துருவா, வெட்டிக்கிட்டே இருன்னு அண்ணன் கையப் புடிச்சுச் சொன்னாரு. அதான் வெட்டுனேன். தெரிஞ்சும் நீங்க ஏன் பதில் அனுப்புனீங்க?"

"உனக்கு வேற யாரு இருக்கா? பதில் வரலன்னா நீ யாருக்காக எந்திரிச்சு வெட்டியிருப்ப?"

அவன் கட்டைப் பிரித்துத் தரையில் பரப்பினான். எல்லாம் அவள் அனுப்பிய சிம்புகள், ஒன்றுகூடக் குறையவில்லை. ராக்கம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிள்ளை பிறந்தபோது அனுப்பியதும் இருந்தது. அதில் நூல் இல்லை.

"கீறல்ல பொய் சொன்ன, பரவால்ல. இப்ப வாயால பொய் சொல்லாத" என்றாள். "இதுல நூலு இருந்துச்சே. அத அவரு பாத்தாரா?"

நல்லசாமி தரையில் கிடந்த சணல் கயிற்றை எடுத்து விரலில் சுற்றினான்.

"இல்ல அண்ணி. அவரு போயி ஒம்போது நாளு பிந்தி வந்துச்சு. அவருக்கு வந்த சாமான் நான் வச்சுக்கக் கூடாதுல்ல? நூல அவுத்துக்கிட்டுப் போயி, அவரப் பொதச்ச எடத்துல நட்ட குச்சியில கட்டிட்டு வந்தேன்." நிமிர்ந்து பார்த்தான். "கீறல், புள்ளி எல்லாம் அண்ணன் சொல்லிக் குடுத்தாரு. அந்த முடிச்ச மட்டும் சொல்லல. அது எனக்கும் அவளுக்கும் உள்ளதுன்னுட்டாரு. ரெண்டு முடிச்சுன்னா என்னா அண்ணி?"

ராக்கம்மா திரும்பினாள். வீட்டின் பின்பக்கம் பார்த்து, "செல்லம், இங்க வாம்மா" என்று கூப்பிட்டாள்.

இரண்டு வயசுப் பெண் ஒன்று, அவித்த மரவள்ளிக்கிழங்கைக் கடித்துக்கொண்டே ஓடி வந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டது. கிழங்கு நொட்டாங்கையில் இருந்தது.

நல்லசாமி அந்தக் கையைப் பார்த்தான். முகத்தை மூடிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். ராக்கம்மா நூல் இல்லாத அந்தச் சிம்பை நெஞ்சில் அடித்துக்கொண்டு கதறினாள். இராஜமாணிக்கம் செத்து இரண்டு வருசம் கழித்து, அன்றைக்குத்தான் லயத்தில் அவனுக்கு ஒப்பாரி கேட்டது.