கருமாதி சாமான் மறுபடி வேண்டுமா?

வலைத்தளத்துக்குள் நுழைகிறவர் வாய் திறப்பதற்கு முன்பே அவருக்கு வேண்டியதை எடுத்துக் காட்டுவது எங்கள் தொழில். தப்பாகக் காட்டிவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வதும் அதில் சேர்ந்ததுதான். இதே பிழைப்பில் இருக்கிற உங்களுக்குச் சொல்லவே வேண்டாம், போன் அடித்தாலே யார் திட்டப்போகிறாரோ என்றுதான் எடுப்போம்.

ஈப்போவில் சரோஜா அக்காவின் பூஜை சாமான் கடைக்கு நான் இந்த வேலையைச் செய்கிறேன். யார் எதைப் பார்த்தார், எதை வாங்கினார் என்று மென்பொருள் கவனித்து, அவர் அடுத்த முறை வரும்போது அதற்கேற்ப முகப்பை மாற்றும். இப்போதைக்கு எனக்கு இருக்கும் ஒரே வாடிக்கை அக்காதான். அவர் கைவிட்டால் என் கதை முடிந்தது.

வளையல் யாருக்கு?

நம் வீடுகளில் ஒருவர் பெயரில் கணக்கைத் திறந்தால் குடும்பமே அதில்தான் சாமான் பார்க்கும். மென்பொருளுக்கு இது எங்கே தெரியும்? தைப்பிங்கில் ஓர் அம்மாவின் கணக்கில் மகள், தோழியின் வளைகாப்புக்காக வளையல் தேடியிருக்கிறாள். மறுநாள் விளக்குத்திரி வாங்க வந்த அம்மாவை எங்கள் முகப்பு, "தாயாகப் போகும் உங்களுக்கு வாழ்த்துகள்" என்று வரவேற்றது. உடனே கடைக்குப் போன்.

"எனக்குப் பேரப்பிள்ளையே ஸ்கூலுக்குப் போவுது லா, இந்த வயசுல எனக்கு யாரு வளையல் போடுறது?"

முருகனும் மேரி அக்காவும்

தஞ்சோங் ரம்புத்தான் மேரி அக்கா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். பக்கத்து வீட்டுக் குடிபுகும் விசேஷத்துக்கு எங்களிடம் ஒரு குத்துவிளக்கு வாங்கினார், அவ்வளவுதான். தைப்பூசம் நெருங்கியதும் அவர் எப்போது தளத்தைத் திறந்தாலும் பால்குடமும் காவடியும் வந்து நின்றன. கடைக்கே வந்து கைபேசியை என் முன்னால் வைத்தார்.

"பாதர் பாக்குறதுக்கு முன்னாடி முருகனைக் கொஞ்சம் எடுத்துரு மா."

தீர்ந்துவிட்டதா?

கற்பூரம், ஊதுபத்தி வாங்கியவர்களிடம் ஒரு மாதம் கழித்து, "தீர்ந்துவிட்டதா? மறுபடி வேண்டுமா?" என்று கேட்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. நல்ல ஏற்பாடுதான். கடையில் இருக்கும் எல்லாப் பொருளுக்கும் அதைப் பொருத்தியதுதான் வினை.

தாப்பா செல்வம் அண்ணன் தன் அப்பாவின் கருமாதிக்கு எங்களிடம் சாமான் வாங்கியிருந்தார். அடுத்த மாதம் அவர் தளத்தைத் திறந்தபோது, "செல்வம், கருமாதி சாமான் மறுபடி வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறது. உடனே கடைக்குப் போன் செய்தார், அக்கா அதை ஸ்பீக்கரில் போட்டார். அண்ணன் கத்தியிருந்தால்கூடத் தேவலை. "அம்மா ஆஸ்பத்திரில படுத்துருக்காங்க அக்கா. பக்கத்துல உக்காந்துதான் தொறந்தேன். என்னடா பாக்குறன்னு கேக்குறாங்க, நான் என்ன சொல்றது?" என்றார், மெதுவாக.

போனை வைத்ததும் அக்கா சொன்னார்:

"இன்னொரு போன் இந்த மாதிரி வந்துச்சு, நீ வர வேணாம் மா."

மறுபடியும் அதே நம்பர்

அன்றே அந்த ஏற்பாட்டை நிறுத்தினேன். பயம் நிற்கவில்லை. செல்வம் அண்ணன் வந்தால் எதையுமே காட்டக்கூடாது என்று பூட்டும் போட்டேன். எந்நேரமும் அவர் அம்மாவின் நினைப்புத்தான். அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் எங்கள் வாய்முகூர்த்தம் என்று ஆகிவிடுமே!

சில வாரம் கழித்து அதே நம்பர் அடித்தது. அக்கா என்னைப் பார்த்தார். நான் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். ஸ்பீக்கரில் செல்வம் அண்ணன் குரல்:

"அம்மாவ வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன் அக்கா. சாமிக்குக் கற்பூரம் வாங்கலாம்னு தொறந்தா, வெறும் வெள்ளையா இருக்கு. எல்லாருக்கும் காட்டுறீங்க, எனக்கு மட்டும் ஏன் லா காட்ட மாட்டேங்குறீங்க?"

இப்போதெல்லாம் யாருக்கு எது போகிறது என்று தினமும் காலையில் ஒவ்வொரு பெயராக நானே படித்துப் பார்த்து, சாமியைக் கும்பிட்டுவிட்டு அனுப்புகிறேன். இதற்குத்தான் தானியங்கி என்று பெயர்.