சுபலட்சுமி எரித்த இரண்டு விரல்கள்

மண்ணச்சநல்லூர் அரிசி ஆலை ஒன்றில் பாதி ஆயுசு கொதிகலனுக்கு உமி தள்ளியவள் சுபலட்சுமி. நெருப்பின் நிறத்தைப் பார்த்தே நெல் அவிந்துவிட்டதா என்று சொல்லிவிடுவாள். உமித் தூசி நெஞ்சில் இறங்கி இருமல் நிற்காமல் போனபோதுதான் ஆலையை விட்டாள். திருவெறும்பூரில் கட்டிக்கொடுத்த மகள் யாழினி, "எங்கூட வந்து இரும்மா" என்று கூப்பிட்டாள்.

"உன் கேஸ் அடுப்பு எனக்குப் பத்தாதுடி" என்று சொல்லிவிட்டு எரிப்பு வண்டி வேலைக்குப் போனாள்.

லாரிக்குப் பின்னால் மாட்டி இழுத்துவரும் இரும்புப் பெட்டி அது. குப்பை லாரி வராத இடத்தில் கேம்ப் போடுகிறவர்கள் வரவழைப்பார்கள். டீசல் பர்னர் வைத்த இரண்டு அறைகள். கீழறையில் குப்பை எரியும். மேலறையில் அதன் புகையே மறுபடி எரியும். சரியாக எரித்தால் புகைபோக்கிக்கு மேல் காற்று நடுங்குவது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். ஆலைக் கொதிகலனுக்குச் செய்தது போலவே இதன் கதவுக்கும் வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள்.

அந்த வருஷம் வண்டி பச்சைமலை மேல் நின்றது. மின்கோபுரம் நடும் ஆட்களின் கேம்ப். மிச்சச் சோற்றை வெளியே கொட்டினால் காட்டுப்பன்றி கூடாரம் வரை வந்துவிடும். அதனால் எல்லாமே எரிய வேண்டும். மருத்துவக் கூடாரத்து மஞ்சள் பைகளை மட்டும் தனியாக எரித்து, சாம்பலைத் தனி டிரம்மில் மூடி வைப்பாள். அது நிரம்பினால்தான் மலையை விட்டுக் கீழே போகும்.

ஒருநாள் கம்பி இழுக்கும் விஞ்சில் முருகானந்தத்தின் வலது கை மாட்டிக்கொண்டது. துறையூர்க்காரன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். ஆம்புலன்ஸ் அவனைத் திருச்சிக்கு இறக்கிக்கொண்டு போன பிறகு, மறுநாள்தான் அவன் கையுறை கிடைத்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் நசுங்கி அதற்குள்ளேயே கிடந்தன. முதலுதவி பார்க்கும் அடைக்கலராஜ் அதை மஞ்சள் பையில் கட்டிக் கொண்டுவந்தார்.

"இனிமே ஒட்ட வைக்க முடியாதுக்கா. போட்டுருங்க."

அவள் போட்டாள்.

காயம் ஆறி முருகானந்தம் திரும்பி வந்தான். கம்பி வேலைக்கு ஆக மாட்டான் என்று சமையல் கூடாரத்தில் விட்டார்கள். மறுநாள் காலை சுபலட்சுமி பர்னரைப் பற்றவைத்ததும் மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்த சமையல் கூடாரத்திலிருந்து அலறல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தாள். தண்ணீர் அண்டாவுக்குள் கையை விட்டபடி நின்றிருந்தான்.

"விரல் எரியுதுக்கா."

"எந்த விரல் தம்பி?"

"இல்லாத விரல்."

அடைக்கலராஜுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. "நரம்புக்கா அது. போன விரலை மூளை தேடிக்கிட்டுதான் இருக்கும். பர்னர் சத்தம் காதுல விழுது, எரியிற மாதிரி இருக்கு. வேற ஒண்ணுமில்ல."

அப்படித்தான் இருக்கும் என்று அவளும் நம்பினாள். ஆனாலும், அவன் காய்கறி வாங்க ஜீப்பில் துறையூர் இறங்கிய ஒரு மத்தியானம், யாரிடமும் சொல்லாமல் வழக்கமில்லாத நேரத்தில் பற்றவைத்தாள். கீழறை சிவந்து ஆரஞ்சு நிறத்துக்கு வரும்போது போன் அடித்தது. பின்னால் சந்தை இரைச்சல்.

"அக்கா" என்றான் முருகானந்தம். "இப்ப பத்த வச்சீங்களா?"

அவள் பர்னரை அணைத்தாள். போனில் அவன் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தணிவது கேட்டது.

அதற்குப் பிறகு அவளுக்குப் பற்றவைக்கக் கை வரவில்லை. பைகள் குவிந்தன. பன்றிகள் வந்து கிழித்துப் போட்டன. மேற்பார்வையாளர் இளவரசன் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார்.

"முருகானந்தத்தை வீட்டுக்கு அனுப்பிடறேம்மா. நீங்க எரிங்க."

"வீட்டுக்குப் போனாலும் எரியும் சார். துறையூர்லயே எரிஞ்சுதே."

"அதுக்காகக் கேம்ப்பை நாறவிட முடியுமா? நாளன்னிக்குள்ள பத்த வைங்க. இல்லேன்னா வேற ஆள் வந்து பத்த வைப்பாங்க. அவங்க இவனைக் கேட்டுக்கிட்டா செய்யப்போறாங்க?"

அன்று சாயங்காலம் வரை அவள் டிரம்மைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு முருகானந்தத்தைக் கூப்பிட்டாள்.

"எரிச்சாச்சு தம்பி. கரைக்கலையே."

டிரம்மைச் சாய்த்து, முகத்தில் துணி கட்டிக்கொண்டு, சாம்பலைச் சலித்தாள். ஊசியும் கண்ணாடித் துண்டும் நின்றன. அவற்றுக்கு இடையில் அரிசி நொய் போல வெள்ளையாகச் சில துணுக்குகள். பொறுக்கி, துணியில் முடிந்து அவன் இடது கையில் கொடுத்தாள்.

மறுநாள் காலை இருவரும் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். ஆவணி மாதம். காவிரியில் பாதிப் படிகளை மறைத்துத் தண்ணீர் போனது. படித்துறையில் உட்கார்ந்திருந்த சாஸ்திரிகள் பஞ்சாங்கத்தைத் தள்ளி வைத்தார்.

"யாரோட அஸ்தி?"

"என்னோடதுதான் சாமி."

அவர் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார்.

"உயிரோட இருக்கறவாளுக்கு இதுல மந்திரம் கிடையாதுப்பா. கரைச்சுட்டு ஸ்நானம் பண்ணிட்டுப் போங்கோ."

முருகானந்தம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று முடிச்சை அவிழ்த்தான். ஆறு இழுத்துக்கொண்டது. அவ்வளவுதான்.

அடுத்த நாள் காலை, இளவரசன் பக்கத்தில் நிற்க, அவள் பர்னரைப் பற்றவைத்தாள். அலறல் எதுவும் வரவில்லை. அறை ஆரஞ்சு நிறத்துக்கு வந்ததும் மேட்டைத் தாண்டி ஓடினாள். முருகானந்தம் சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருந்தான்.

"எரியுதா தம்பி?"

"இல்லக்கா. சுத்தமா இல்ல."

அவள் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அப்போதுதான் கவனித்தாள்: அடுப்பின் அத்தனை அனலுக்குப் பக்கத்திலும் அவன் வலது கையில் கம்பளித் துண்டைச் சுற்றியிருந்தான்.

"அது எதுக்கு?"

"குளிருதுக்கா. நேத்திலேருந்தே. ஈரமா இருக்கு. சின்னச் சின்னதா ஏதோ வந்து கொத்துது. வலியெல்லாம் இல்ல." கரண்டியை வைத்துவிட்டு, கூடாரத்துக்கு வெளியே கிழக்கே பார்த்தான். "விடிகாலையில ஒரு பெரிய சுவத்துல போய் முட்டுன மாதிரி இருந்துச்சு. ரொம்ப நேரம் அங்கயே சுத்திக்கிட்டு இருந்துட்டு, அப்புறம் பொத்துன்னு கீழ விழுந்துச்சு. இப்ப மறுபடி போவுது."

அவன் கம்பளியை இன்னொரு சுற்று இறுக்கிக்கொண்டான்.

"கல்லணையைத் தாண்டிட்டேன்னு நினைக்கிறேன்."